ட்ரூபல் 7-ல் நிற்கும் நம் தளங்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி மூன்று ஊரிலுமாகப் பதினோரு தளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சிறு தேயிலை விவசாயிகள் சங்கம், சில ஹோம்ஸ்டேக்கள், ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள், பறவை பார்க்கிற நண்பர்கள் வட்டம் என்று கலவையாக இருக்கும். அத்தனையும் 2011-க்கும் 2015-க்கும் நடுவில் ட்ரூபல் 7-ல் கட்டியவை. இரண்டு வருடமாக போனில், பஸ் ஸ்டாண்டில், ஒரு முறை சாவு வீட்டில்கூட இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை வைத்து, பதிலை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ட்ரூபல்னா என்ன அக்கா? எங்க சைட் அதுலதான் இருக்குன்னு இப்பத்தான் சொல்றாங்க.

தளத்தில் கட்டுரை, படம், அறிவிப்பு போட, யார் எதைத் திருத்தலாம் என்று முடிவு செய்ய, பக்கங்களை அடுக்க உதவும் திறமூல மென்பொருள். பெல்ஜியத்தில் டிரீஸ் பாய்ட்டார்ட் என்ற மாணவர் விடுதி நண்பர்களுக்காக எழுதியது, 2001 ஜனவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். டச்சு மொழியில் கிராமத்துக்கு ‘டோர்ப்’ என்று பெயர். அந்தப் பெயரில் டொமைன் வாங்கப் போனவர் எழுத்தை மாற்றித் தட்டியதில் அது ‘டிராப்’, அதாவது துளி, ஆகிவிட்டது. டச்சில் துளிக்கு உள்ள சொல்லிலிருந்துதான் ட்ரூபல் வந்தது. ஊர் என்று வைக்கப் போய்த் துளி ஆன கதை.

உங்கள் தளத்தில் நீங்கள் ‘அட்மின்’ என்று சொல்லி உள்ளே போகிற இடம்தான் அது. பதினைந்து வருடம் முன்பு நான்கு பேர் சேர்ந்து நடத்தும் தளம் என்றால், எங்கள் பக்கம் இதைத்தான் கை காட்டுவோம்.

சைட் நல்லாத்தானே ஓடுது. எதுக்கு மாத்தணும்?

ஓடுகிறது, உண்மைதான். ட்ரூபல் 7, அதாவது ஏழாவது பதிப்பு, வந்தது 2011 ஜனவரி 5. அதற்கான அதிகாரபூர்வ ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, கணக்காகப் பதினான்கு வருடம். முதலில் 2021 நவம்பர் என்றுதான் கெடு வைத்தார்கள். மாறாதவர்கள் நிறையப் பேர் இருந்ததால் தள்ளித் தள்ளி வந்தார்கள். இனி 7-ன் கோரில், அதாவது ட்ரூபலின் அடிப்படை நிரலில், ஓட்டை கண்டுபிடித்தால் ட்ரூபலின் பாதுகாப்புக் குழு அடைத்துத் தராது.

ஓட்டை என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 15, நம்மூர்க் கணக்கில் இரவு ஒன்பதரை மணிக்கு ட்ரூபல் 7-க்கு ஒரு அவசரத் திருத்தம் வந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமலே வெளியாள் டேட்டாபேஸுக்குள் நுழையக்கூடிய ஓட்டை அது. இரண்டு வாரம் கழித்துப் பாதுகாப்புக் குழு சொன்னது: ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளம் எதுவானாலும், உள்ளே ஆள் புகுந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை. நான் அன்று பத்து மணிக்கே தூங்கிவிட்டேன். அப்போதாவது காலையில் எழுந்து போட ஒரு திருத்தம் இருந்தது.

ஆபத்து அந்தப் பக்கமிருந்து மட்டும் வருவதில்லை. கீழே இருக்கும் பிஎச்பி, அதாவது ட்ரூபல் எழுதப்பட்ட நிரல் மொழி, மாறிக்கொண்டே போகிறது. தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர்கள் ஒரு நாள் பழைய பிஎச்பியை எடுத்துவிட்டு 8-க்கு ஏற்றுவார்கள். கோர் அதைத் தாங்கினாலும், கூடுதல் வசதிக்காக அதோடு சேர்த்த பழைய மாட்யூல் தாங்காது. எங்கள் சங்கத் தளத்தில் ‘ஈச்’ என்ற ஒரு சின்னக் கட்டளை பிஎச்பி 8-ல் நீக்கப்பட்டதால் முழுத் தளமும் வெள்ளையாக நின்றது. ஜூலை மாதத் தொட்டபெட்டா மாதிரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை.

ஒரு பட்டன் அமுக்கினா 7-ல இருந்து 11-க்குப் போயிடாதா?

போகாது. குன்னூரில் மலை ரயிலுக்கு இஞ்சின் மாற்றுவது போலத்தானே என்று ஒருவர் கேட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இஞ்சின் தள்ளிக்கொண்டு வரும், குன்னூரில் அதைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள், உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கக்கூட வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 7-லிருந்து மேலே போவது அப்படி இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும்.

புது ட்ரூபலைக் காலியாக நிறுவி, கோரிலேயே இருக்கும் மைக்ரேட் மாட்யூலைக் கொண்டு பழைய டேட்டாபேஸிலிருந்து பக்கங்கள், பயனர்கள், பிரிவுகள், படங்களை இழுக்க வேண்டும். இவை பெரும்பாலும் வந்துவிடும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் வராது, புதிதாகச் செய்ய வேண்டும். வியூஸ் என்ற மாட்யூல் கொண்டு செய்த பட்டியல்கள் தானாக வராது, உட்கார்ந்து மறுபடி கட்ட வேண்டும். நாமே எழுதிய மாட்யூல் அப்படியே ஓடாது. 8-லிருந்து 9, 9-லிருந்து 10 போவதுதான் இஞ்சின் மாற்றுவது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் பட்டன் கேட்கிறார்கள்.

அப்படி 8-ல என்னதான் மாத்தினாங்க? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாங்கன்னு உங்க ஆளுங்களே சொல்றாங்களே.

சொல்கிறோம். நானும் மூன்று வருடம் சொன்னேன். ட்ரூபல் 7 வரைக்கும் ஒரு ஃபைலில் பெயர் பொருத்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதி, எஃப்டிபி வழியாக சர்வரில் ஏற்றினால் வேலை நடந்தது. நான் கற்றதே அப்படித்தான். குன்னூரில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய், அடுத்தவர் எழுதிய மாட்யூலைத் திறந்து இரண்டு வரி மாற்றிப் பார்த்து. 2015 நவம்பரில் வந்த 8, அந்த அடித்தளத்தையே பெயர்த்தது. சிம்ஃபனி என்ற பிஎச்பி சட்டகத்தின் பாகங்கள், பக்க வார்ப்புகளை எழுத ட்விக் என்ற தனி மொழி, முழுக்கப் பொருள்நோக்கு நிரலாக்கம். சின்ன மாற்றத்துக்கு நாலு ஃபைல். பகுதிநேரமாகக் கற்றவர்களுக்கு ஏறும் படியை எடுத்துவிட்டு மாடி கட்டினார்கள்.

மாடி நல்ல மாடிதான் என்பதையும் சொல்ல வேண்டும். 7-ல் அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸுக்குள்ளேயே கிடக்கும். சோதனைத் தளத்தில் ஒரு படிவத்தைச் சரிசெய்தால், நிஜத் தளத்தில் அதே இருபது கிளிக்கை மறுபடி செய்ய வேண்டும். பத்தொன்பதாவதை மறந்துவிடுவோம். 8-க்குப் பிறகு அமைப்புகளை ஃபைலாக எடுத்து அங்கே கொண்டுபோய்ப் போடலாம். பல மொழி வசதிகள் கோருக்குள்ளேயே வந்துவிட்டன. தமிழும் ஆங்கிலமும் வைத்திருக்கிற ஹோம்ஸ்டே தளத்துக்கு 7-ல் ஏழெட்டு மாட்யூல் சேர்த்து ஒட்டுப்போட வேண்டியிருந்தது.

ஆகக் காரணம் சரி, செய்த விதம் மனிதர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் கட்சி. பின்னால் அவர்களுக்கே புரிந்ததோ என்னவோ, ஆறு மாதத்துக்கு ஒரு சின்னப் பதிப்பு, நீக்கப் போவதை முன்கூட்டியே சொல்லி எச்சரிப்பது என்று ஒழுங்குக்கு வந்தார்கள். 2025 ஜனவரி 15-ல் ‘ட்ரூபல் சிஎம்எஸ்’ என்று, நிரல் தெரியாதவர்கள் நிறுவிப் பயன்படுத்துகிற மாதிரி தொகுத்தும் கொடுத்தார்கள். பத்து வருடம் தாமதம்.

இலவச மென்பொருள்தானே, அப்புறம் எதுக்குப் பணம் கேக்கறீங்க?

மென்பொருள் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இருக்கிறது. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், எடுத்து மாற்றிக்கொள்ளலாம், மற்றவருக்கும் தரலாம். காசு என் நேரத்துக்கு.

இவ்வளவு பாடு எதுக்கு? வேர்ட்பிரஸுக்கே போயிடலாமே?

ட்ரூபல் போலவே தளம் நடத்த உதவும் இன்னொரு மென்பொருள் அது. போகலாம், நான் தடுக்க மாட்டேன். பதினொன்றில் நாலு தளத்தை அங்கே மாற்றியதே நான்தான். ஹோம்ஸ்டேக்கு அறைப் படம், போன் நம்பர், வழி இவை போதும். கோயம்புத்தூர் வரை போனால் வேர்ட்பிரஸ் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். நானில்லாத காலத்திலும் ஆள் கிடைக்கும் என்பது பெரிய விஷயம்.

இன்னொரு வழி பேக்டிராப். 8-ன் போக்குப் பிடிக்காத சிலர் ட்ரூபல் 7-லிருந்து கிளை பிரித்து 2015 ஜனவரியில் வெளியிட்டது. கட்டமைப்பு பழக்கமானதாகவே இருக்கும், 7-லிருந்து நேராக மேம்படுத்தும் வழியும் உண்டு. சின்னச் சங்கத்துக்குப் பொருத்தம். ஆனால் நீங்கள் பயன்படுத்தும் மாட்யூல் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சமூகம் சிறியது.

மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, நான்தான் சொல்கிறேன்: தளத்தை உறைய வைப்பது. முன்னாள் மாணவர் தளத்தில் கடைசிப் பதிவு 2017. அதற்கு எதற்கு டேட்டாபேஸ்? ஹெச்டிடிராக் போன்ற கருவியால் எல்லாப் பக்கத்தையும் வெறும் ஹெச்டிஎம்எல்லாக இறக்கி அப்படியே ஏற்றிவிட்டேன். தேடல் பெட்டியும் தொடர்புப் படிவமும் போயின. மற்றபடி யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஹேக் செய்ய உள்ளே ஒன்றுமே இல்லை.

பேக்கப் இருக்கு, ஹோஸ்டிங்காரங்களே எடுக்கறாங்களாம். போதும்ல?

அதை என்றைக்காவது திறந்து பார்த்தீர்களா? 2016-ல் ஒரு தளத்தை இடம் மாற்றும்போது டேட்டாபேஸை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய கணக்கை மூடினேன். என் தவறுதான். கட்டுரைகள் எல்லாம் வந்தன, ஐந்து வருடப் பறவைப் படங்கள் இருந்த இடத்தில் உடைந்த கட்டம் கட்டமாக வந்தது. படங்கள் டேட்டாபேஸில் இருப்பதில்லை, ‘ஃபைல்ஸ்’ என்ற தனி அடைவில் இருக்கும். எடுத்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பென்டிரைவில் திரும்ப வாங்கினேன். பாதிதான் கிடைத்தது.

ஆகவே டேட்டாபேஸ், ஃபைல்ஸ் அடைவு, செட்டிங்ஸ் ஃபைல் மூன்றும் வேண்டும். ஒரு பிரதி அந்த சர்வருக்கு வெளியே இருக்க வேண்டும். அதை உங்கள் லேப்டாப்பில் ஏற்றித் தளம் எழுந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்குப் பேக்கப் என்று பெயர்.

மாத்தினதும் தமிழ் எல்லாம் கிறுக்கலா வருது. என்ன பண்ணிட்டீங்க?

கிறுக்கலில் இரண்டு வகை. எந்த வகை என்று முதலில் பாருங்கள். தலையில் சாய்வுக் கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, இப்படியே வரிசையாக வந்தால் உள்ளே இருப்பது யூனிகோடு தமிழ்தான். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் முதலாவது எப்போதும் அந்தச் சாய்வுக்கோட்டு ஏ. எப்போதோ ஹோஸ்டிங் மாறியபோது யாரோ டேட்டாபேஸைத் தப்பான குறியீட்டில் இறக்கி ஏற்றியிருப்பார்கள். எந்தக் குறியீட்டில் தப்பாகப் படித்ததோ அதிலேயே வெளியே எடுத்து, சரியானதில் உள்ளே ஏற்றினால் தீரும். ஒரே ஒரு முறை, பிரதியில். அவசரத்தில் இரண்டு முறை ஓட்டினால் மீட்பது கஷ்டம்.

சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வந்தால் அது பாமினி, யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதினால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரிந்தது, புதுத் தீமில் அந்த எழுத்துரு இல்லை. இதற்கு மாற்றிகள் உண்டு. ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும், ஆள் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். சங்கத்தின் 2006, 2007 சுற்றறிக்கைகளை அப்படித்தான் இருவர் ஒரு மாதம் திருத்தினார்கள்.

போகிற போக்கில் ஒன்று. தமிழில் முகவரி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்கலாம், பிரவுசரில் அழகாக இருக்கும். ஆனால் பழைய மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ ஒட்டினால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கொடைக்கானல்’ மட்டும் தொண்ணூற்றொன்பது எழுத்து. நான் முகவரியை ஆங்கிலத்தில் வைத்துத் தலைப்பைத் தமிழில் வைக்கிறேன்.

எப்ப செய்யலாம்? சீசன் முடியட்டுமா?

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். மலர்க் கண்காட்சி வாரத்தில் ஹோம்ஸ்டே தளத்தைத் தொட்டால் அடி விழும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை கோத்தகிரி, குன்னூர் பக்கம்தான் கொட்டும். மரம் விழும், கரண்ட் போகும், பாதி ஏற்றும்போது நெட் அறும். பொங்கல் முடிந்து மார்ச் பரீட்சை வரைக்கும் உள்ள காலம்தான் என் கணக்கு. பனியில் கொழுந்து குறைவு, சங்கத்து ஆட்களுக்கும் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் பார்க்க நேரம் இருக்கும்.

அந்த ‘பழைய பக்கங்களைப் பார்ப்பது’தான் பாதி வேலை. சங்கத் தளத்தில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் முடிந்துபோன கூட்டங்களின் அறிவிப்பு. தூக்கிக் கடாசிவிட்டுத்தான் மூட்டை கட்டினோம்.

டெர்மினல், கம்போசர்னு பயமுறுத்தறாங்க. எனக்கு 58 வயசு. வருமா?

வரும். டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை. கம்போசர் என்பது எந்த மாட்யூலுக்கு எது துணை வேண்டும் என்று பார்த்துத் தானே இறக்கித் தரும் கருவி. தினமும் தேவைப்படுவது நான்கைந்து கட்டளைதான். சர்வரில் ஓட்டாதீர்கள், மலிவான ஹோஸ்டிங்கில் நினைவகம் போதாமல் நடுவில் செத்துவிடும். லேப்டாப்பில் ஓட்டி, சரியாக இருந்தால் மேலே ஏற்றுங்கள். அந்தக் கட்டளைகளைத் தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார் எங்கள் ட்ரூபல் குழுவில் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். எங்களில் யாரைவிடவும் ஒழுங்காக அப்டேட் போடுபவர் அவர்தான்.

நம்ம குழுவுக்கு ஏன் புதுப் பசங்க வர்றதில்ல?

முன்பு மாதம் ஒரு ஞாயிறு குன்னூரில் கூடினால் டீக்கடையில் இரண்டு மேசை சேர்த்துப் போட வேண்டியிருக்கும். இப்போது ஒரு பெஞ்ச் போதும், அதிலும் சின்னவருக்கு நாற்பத்தொன்று. பசங்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தோம். அது பொய். போன வருடம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். முதல் அரை மணி நேரம் நாங்கள் 2012 கதை பேசினோம், அடுத்த அரை மணி நேரம் 8 ஏன் மோசம் என்று பேசினோம். அவள் 8-ஐப் பார்த்ததே இல்லை, நேராக 10-ல் தொடங்கியவள். டீயைக் குடித்துவிட்டுப் போனாள், திரும்ப வரவில்லை.

ஏறும் படியை எடுத்துவிட்டார்கள் என்று மேலே சொன்ன கதை ஒரு காரணம். இன்னொன்று, பேச்சு நடக்கிற இடம் மாறியது. ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையில் இருந்தவர்கள் ஸ்லாக் என்ற புது அரட்டைச் செயலிக்குப் போனார்கள், நிரல் திருத்தத்தைப் பேட்ச் ஃபைலாக இணைத்து அனுப்பிய வழக்கம் போய் கிட்லேப் என்ற நிரல் தளத்தில் மாற்றக் கோரிக்கை அனுப்பும் வழக்கம் வந்தது. பழையவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை, புதியவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. நடுவில் நம்மூர் ஆட்கள் சேர்த்து வைத்திருந்த விடைகள் தொலைந்தன.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். புதிதாக யார் வந்தாலும் அன்றைக்கே அவர் கையால் ஒரு திருத்தம் அனுப்பிவிட்டுத்தான் டீ. எழுத்துப்பிழை திருத்தமானாலும் சரி. மார்ச் முதல் இரண்டு பேர் தொடர்ந்து வருகிறார்கள். ஒருவர் அந்தப் பெண் அனுப்பிய தோழி.

எனக்குக் கோடு எழுதத் தெரியாது. நான் வந்து என்ன செய்ய?

ட்ரூபலுக்குத் தனி மொழிபெயர்ப்புத் தளம் இருக்கிறது, தமிழும் அதில் உண்டு. ‘சேவ்’ என்பதற்கு ‘சேமி’ போதுமா, ‘பப்ளிஷ்’ என்பதற்கு ‘வெளியிடு’ சரியா என்று முடிவு செய்ய நிரலர் தேவையில்லை, தமிழ் நாக்கு தேவை. ஒரு பிழை எந்தப் படியில் வருகிறது என்று வரிசையாக எழுதிக் கொடுப்பதும் பெரிய உதவி. கண் தெரியாதவர் ஸ்க்ரீன் ரீடரில் படித்துப் பார்த்துச் சொல்வது அதைவிடப் பெரிது. ட்ரூபலின் இப்போதைய இயல்புத் தீமுக்கு ஒலிவெரோ என்று பெயர். ரேச்சல் ஒலிவெரோ என்ற பார்வையற்ற பங்களிப்பாளரின் நினைவாக வைத்தது.

எங்க மாட்யூலை எழுதின பையன் கனடா போயிட்டான். அதை யார் மாத்தறது?

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான கேள்வி. சங்கத் தளத்தில் மாதா மாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைப் போடும் அட்டவணை ஒன்று உண்டு. பின்னால் இருநூறு வரி மாட்யூல், ஒரு வரிக் குறிப்புகூடக் கிடையாது. இரண்டு வாரம் அதைப் படித்துப் புதிய ட்ரூபலுக்கு எழுதினேன். போட்டுப் பார்த்தால் 2014-ல் சில மாதங்களில் விலை ஒத்துவரவில்லை.

கடைசியில் சங்கத்து எழுத்தர் அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். அந்த மாதங்களில் விலையைத் திருத்தி மறுபடி சொன்னார்களாம், பையன் அந்த மாதங்களுக்கு மட்டும் தனிக் கணக்கு எழுதியிருக்கிறான். நிரலில் அது புரியாத மூன்று வரி. நான் தேவையில்லை என்று நீக்கிய மூன்று வரி. மாட்யூலை நிரலர் யாரும் திரும்ப எழுதலாம். அதற்கு முன் அந்த எழுத்தர் மாதிரி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி என்று கேளுங்கள். கனடா பையனுக்கும் ஒரு மெயில் போடுங்கள். எங்கள் பையன் மறுநாளே பதில் அனுப்பினான், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு.

மாத்தியாச்சு. இனி அடுத்த பதினாலு வருஷம் நிம்மதிதானே?

இல்லை. இப்போது சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. 10 வந்தது 2022 டிசம்பர், 11 வந்தது 2024 ஆகஸ்ட். ஆனால் தாவல் சின்னது, மூன்றாவது பதிலில் சொன்ன இஞ்சின் மாற்றம்தான். ஒவ்வொரு மாதமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒதுக்காமல் விட்டால் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த அரை மணி நேரம் யாருடையது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். டொமைன் யார் மெயிலில் இருக்கிறது, ஹோஸ்டிங் என்றைக்குப் புதுப்பிக்க வேண்டும், பேக்கப் எங்கே என்பதையும். எங்கள் சங்கத்தில் அது தேயிலை விலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, எழுத்தர் அண்ணன் கையெழுத்தில். அலமாரிச் சாவி அவரிடமும் தலைவரிடமும்.